புங்கமரத்தில் கட்டிய கொடி

நம் பழைய தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. கை பம்பு, அதன் பின்னால் புங்கமரம், முன்னால் ஒரு பூசணிக்காயைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு இளிக்கிற நான். சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த இரும்புக்கடை பாயின் மச்சான் எடுத்த படம் அது. படத்துக்குக் கீழே உங்களில் ஒருவர், 'சாதி மதம் பார்க்காம எல்லாரும் ஒண்ணுமண்ணா இருந்த காலம்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கும்பிடும் பூங்கொத்தும் இதயமுமாக வந்து குவிந்தன.

நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கை வரவில்லை. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். என் மகள் எட்டிப் பார்த்து, யாரோடம்மா இவ்வளவு பெரிய சண்டை என்று கேட்டாள். சண்டையெல்லாம் இல்லை. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வயசில் யாரோடு என்ன சண்டை? நீங்கள் எழுதியது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. தோட்டத்தைப் பற்றி நீங்கள் நினைவு வைத்திருப்பதெல்லாம் நடந்ததுதான். நான் மிச்சத்தையும் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் போகிற ரோட்டோரம் நம் மூன்று தெருவும் முட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு காலி மனை கிடந்தது. ஒரு பக்கம் எங்கள் தெரு, இன்னொரு பக்கம் பாய்மார் தெரு, பின்னால் காலனி. மனைக்காரர் மெட்ராஸில் இருக்கிறார் என்பார்கள், யாரும் பார்த்ததில்லை. ஆகையால் மூன்று தெருக் குப்பையும் அங்கேதான் விழுந்தது. ஒரு நாள் அந்தப் புதரிலிருந்து கிளம்பிய நல்ல பாம்பு பாயம்மா வீட்டுச் சமையலறைக்குள் போய் அரிசி டின்னுக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. பாயம்மா என்றால் இரும்புக்கடை பாயின் மனைவி, குரலிலேயே ஆளை நகர்த்துகிறவர். அன்றைக்குச் சாயந்திரமே மூன்று தெருவிலும் ஆள் கூட்டி மனையைச் சுத்தம் பண்ண வைத்துவிட்டார். சுத்தமான இடத்தை அப்படியே விட்டால் மறுபடி குப்பைதான் விழும் என்று என் அம்மா சொன்னாள். விதை போட்டால் விழாது.

அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது சும்மா வராமல் ஆலையிலிருந்து கரும்புச் சக்கை மண்ணை ஒரு டிரெய்லர் நிறையக் கொண்டுவந்து கொட்டினார். கறுப்பாக, ஈரமாக, கொஞ்சம் இனிப்பும் மிச்சமெல்லாம் அழுகலுமாக அதற்கு ஒரு நாற்றம் உண்டு. ஒரு வாரம் மூன்று தெருவும் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாவைத் திட்டியது. மழை பெய்து அது மண்ணோடு கலந்த பிறகு போட்டதெல்லாம் முளைத்தது. போடாததும் முளைத்தது. தக்காளியை யாருமே நடவில்லை, பம்பு ஓரத்தில் தானாக வந்து காய்த்துத் தள்ளியது.

கை பம்பு பாய் போட்டுக் கொடுத்தது. அங்கே முன்பே ஒரு கிணறு இருந்தது. அதைத் தூர் வாரினால் போதும் என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். பாய் கடையிலிருந்து குழாயும் பிடியும் கொண்டுவந்து பம்பைப் பொருத்திவிட்டுப் போனார். அது ஏன் என்று எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. கிணறு என்றால் கயிறு உண்டு, வாளி உண்டு, யார் தொட்டது யார் தொடவில்லை என்கிற பேச்சு உண்டு. பம்பில் அடித்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான். பாய் வியாபாரி. வராத சண்டையை வராமலே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்.

அந்தப் பிடியின் கிறீச்சு இப்போதும் என் காதில் இருக்கிறது. அடித்துவிட்டுக் கையை முகர்ந்தால் ஈர இரும்பு வாசனை. வெண்டைக்காய் பறித்த விரல்களில் சுணை அரித்துக்கொண்டே இருக்கும். பாயின் கடையில் விற்காமல் நசுங்கிக் கிடந்த தகரப் பூவாளி ஒன்று இருந்ததே, அதற்காக நாம் அடித்துக்கொள்ளாத நாள் உண்டா? அது எங்கே போனது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

தோட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. விதைத்த வீடு அந்தப் பாத்தியில் பறிக்கக் கூடாது. முதல் சுரைக்காய் காணாமல் போய் ஒரு ரகளை நடந்தபோது பாயம்மா போட்ட சட்டம். எங்கள் பாத்தி புளிச்சக்கீரையும் பூசணியும், அதைப் பறிக்க எங்களுக்கு உரிமை கிடையாது. பாயம்மாவின் புதினாவில் பாயம்மா கை வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலைதான் பறிப்பு. எங்கள் வீடுகளில் அன்றைக்குக் கவுச்சி கிடையாது, காய் வேண்டும். பாய்மார் வீடுகளில் ஜும்மாவுக்குப் பிறகு கறிச்சோறு, கொத்தமல்லி வேண்டும். மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருகிற கல்வராயன் மலைக்காரம்மா ஒருத்தர் எங்களுக்கு மரவள்ளிக் குச்சியும் அவரை விதையும் கொடுத்திருந்தார். அவருக்கும் ஒரு பங்கு போகும். அவர் இந்தச் சட்டத்தைக் கேட்டுவிட்டு, போட்டவன் திங்காத வெள்ளாம ஒரு வெள்ளாமயா என்று சிரித்தார். ஆனால் வேலை செய்தது. அடுத்தவர் வீட்டுக்குப் போகிற காய்க்குக் குறைவாகத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

காலனிப் பக்கத்துப் பாத்தியைப் பார்த்துக்கொண்டவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற சுமைக்காரர். மிளகாயும் கத்தரியும் போட்டிருந்தார். முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் துணி கட்டிய கம்பில் தீ வைத்துக்கொண்டு ஏறுகிறவர் அவர்தான். எங்களுக்கு அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் காலனிப் பெரியவர்களைக்கூடப் பிள்ளைகள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். தோட்டத்தில் அம்மா அதைக் கண்டித்தாள். சரி, மாமா என்று கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'இந்தாங்கன்னு கூப்புடு, போதும்' என்றாள். ஆகவே அவர் எங்களுக்கு 'இந்தாங்க'. அவருக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று நாம் யாராவது யோசித்தோமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய் மூன்று தெருவுக்கும் போனது. குழம்பு போகவில்லை. பாயம்மா வீட்டிலிருந்து பெருநாளுக்கு எங்களுக்குப் பிரியாணி வரும், நாங்கள் பொங்கலுக்குக் கரும்பு கொடுப்போம். காலனிக்கும் எங்களுக்கும் பச்சைக் காயோடு சரி. ஒரு தடவை சுமைக்காரரின் மனைவி அந்த மலை மரவள்ளியில் முதல் கிழங்கை அவித்து, வெல்லம் போட்டுத் தட்டி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வாசலில் நின்று கொடுத்தார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், சிரித்தாள், குழந்தைகளை விசாரித்தாள். கிண்ணம் அன்றைக்கு முழுக்க அலமாரியில் இருந்தது. மறுநாள் கிழங்கு ஆட்டுக்குப் போனது. கிண்ணத்தை நன்றாகத் தேய்த்து, உள்ளே நாலு பச்சைக் கத்தரிக்காய் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என் அம்மா கெட்டவள் இல்லை. அதை நான் யாருக்கும் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் ஊரைப் பிடித்து ஆட்டிய காலம். போராடியது எங்கள் சாதி. பேர் வேண்டாம், உங்களுக்கெல்லாம் தெரியும். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த என் சித்தப்பா சாப்பாட்டு நேரத்துக்குக்கூட வீடு தங்க மாட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எங்கோ ஊர்களில் எங்கள் ஆட்களுக்கும் காலனிக்கும் அடிதடி, குடிசை எரிந்தது என்று செய்தி வரும். அந்த நாட்களில் தோட்டத்தில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். களை எடுப்பார்கள். பாத்தி அப்போது இருந்த மாதிரி சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை.

புரட்டாசியில் சாலை மறியல் என்று முடிவானது. ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே போடப் போகிறார்கள் என்று சித்தப்பா வந்து சொன்னார். அம்மாவுக்குப் புங்கமரம் ஞாபகம் வந்துவிட்டது. அது வேலி ஓரத்தில் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. உள்பக்கம் சாய்ந்தால் பம்பும் பந்தலும் பாத்தியும் ஒன்றும் மிஞ்சாது. அதை மட்டும் விட்டுவிடச் சொல்லு என்று சித்தப்பாவிடம் கெஞ்சினாள். வெட்டுகிறவர்கள் எல்லா ஊரிலிருந்தும் வருவார்கள், தன் பேச்சு எடுபடாது என்று அவர் சொன்னார். கடைசியில், மரத்தில் நம் கொடி ஒன்று பறந்தால் நம்மாட்கள் இடம் என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று யோசனை சொன்னார்.

கொடி எங்கும் கிடைக்கவில்லை, எல்லாம் கிராமங்களுக்குப் போய்விட்டது. தைத்தது பாயம்மா. தன் வீட்டு ஜன்னல் திரையையும் அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியையும் வெட்டி, மிஷினில் உட்கார்ந்து, நிறம் எது மேலே எது கீழே என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டுத் தைத்தார். எங்கள் சாதிக்கொடியை ஒரு பாயம்மா தைக்கிறாரே என்று இருவருக்கும் சிரிப்பு. நாங்கள் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தோம். அன்றைய சாயந்திரம் மாதிரி சந்தோஷமாக அந்தத் தோட்டத்தில் எல்லாரும் இருந்து நான் பார்த்ததில்லை.

மரம் ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. சித்தப்பா அதற்குள் மறியல் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அப்பாவுக்குக் கனத்த உடம்பு, புங்கக் கிளை தாங்காது. பாய்க்குக் குடலிறக்கம். சுமைக்காரர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கையை நீட்டினார். அவர் மனைவி மட்டும் வேண்டாம் என்றார்.

"நமக்கு எதுக்குங்க? அது இன்னா நம்ம கொடியா?"

"கொடி யாருதா இருந்தா இன்னா? மரம் நம்முதுதான" என்றார் அவர்.

ஏறிக் கட்டிவிட்டார். இறங்கும்போது முழங்கை சிராய்த்துவிட்டது, பாயம்மா தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்.

மறியல் நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சங்கராபுரம் ரோட்டில் நம் தாத்தா காலத்துப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக விழுந்த சத்தம், பச்சை மரம் பிளந்த புளிப்பு வாசனை, நாம் ஓடிப்போய் கொழுந்தைப் பறித்துத் தின்றது. பஸ் இல்லை, பால் இல்லை, காய்க்கடை எதுவும் திறக்கவில்லை. மூன்று தெருவும் தோட்டத்தை வைத்துத்தான் அடுப்பு மூட்டியது. அப்போதும் யாரும் சட்டத்தை மீறவில்லை. எங்கள் பூசணி காலனிக்குப் போனது, சுமைக்காரரின் கத்தரிக்காய் எங்கள் வீட்டுக்கு வந்தது. கோடாலியோடு ஒரு கூட்டம் புங்கமரத்தடிக்கும் வந்தது. ஒருவன் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தான், மேலே அண்ணாந்தான், கொடியைப் பார்த்தான். பம்படியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜன்னல் ஜன்னலாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வெளியே ஓடி வந்தோம். அம்மா அந்த மரத்தைத் தன் பிள்ளை மாதிரி தடவிக் கொடுத்தாள்.

கொடியை அன்றைக்கே அவிழ்த்திருக்க வேண்டும். சுமைக்காரர் அவிழ்க்கட்டுமா என்று கேட்கவும் செய்தார். இன்னொரு கூட்டம் வந்தாலும் வரும், ரெண்டு நாள் இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

வந்தது போலீஸ். வெளியூர்களிலிருந்து லாரி லாரியாக இறக்கியிருந்தார்கள். தெருத்தெருவாக எங்கள் ஆம்பளைகளைப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒரே பொழுதில் எங்கள் தெரு காலியானது. மறியலுக்கே போகாத அப்பாவும் சித்தப்பாவோடு மலைக்கு ஏறிவிட்டார். ஆள் பத்திரம், சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று மலைக்காரம்மா வந்து அம்மாவின் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

சுமைக்காரர் எங்கும் போகவில்லை. அன்றைக்குக் காலையில் வழக்கம்போல் தண்ணீர் ஊற்ற வந்தவரிடம், நீங்களும் ரெண்டு நாள் எங்காவது போய் இருங்களேன் என்று அம்மா சொன்னாள். அவர் சிரித்தார்.

"நாங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியாதாங்க? எங்கள எதுக்குப் புடிக்கப் போறாங்க?"

அவர் சொன்னதில் என்ன தவறு? அந்தப் போராட்டத்தில் சந்தேகமே படக் கூடாத ஆள் ஊரில் யாராவது இருந்தால் அது அவர்தான்.

லாரி கொடியைப் பார்த்துத்தான் நின்றது. நான் எங்கள் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது. இந்தக் கொடியை யாரடா கட்டியது என்று அதட்டினார்கள். அவர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்தான் ஐயா என்றார். மரத்தைக் காப்பாற்றக் கட்டினேன் என்று அடுத்த வாக்கியத்தைச் சொல்லத்தான் அவர் வாய் எடுத்தார். அந்த வாக்கியத்துக்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை. பம்புக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டகையில் தோட்டத்துக் கடப்பாரையும் கோடாலியும் அரிவாளும் இருந்தன. அவற்றையும் அள்ளி லாரியில் போட்டுக்கொண்டு, அவரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். புர்கா இல்லாமல் வெளியே வந்தே நான் பார்த்திராத பாயம்மா நடுரோட்டில் தலைத்துணிகூட இல்லாமல் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

பிடித்தவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அம்மா, பாயம்மா, சுமைக்காரரின் மனைவி, மூவரும் கிளம்பினார்கள். சின்னப் பிள்ளை கூட இருந்தால் கை வைக்க மாட்டார்கள் என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மண்டப வாசலில் வாழைமரம் காய்ந்து தொங்கியது, மணமக்கள் பேர் எழுதிய அட்டை இன்னும் கழற்றப்படாமல் இருந்தது. பந்திப் பாய்களில் ஆண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுமைக்காரர் எங்களைப் பார்த்தார். பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். உதடு வீங்கியிருந்தது.

மேசை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் முதலில் பாயம்மாதான் பேசினார். கொடியைத் தைத்தது நான், கட்டச் சொன்னதும் நாங்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே மூச்சில் சொன்னார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பாய் வீட்டம்மா வந்து இந்தக் கொடியை நான் தைத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாயா என்று அம்மாவைப் பார்த்தார். அப்புறம் அம்மாவின் ஊர் தெரு எல்லாம் விசாரித்தார். தெருப் பேர் கேட்டதும் முகம் மாறியது.

"உன் புருஷன் எங்க இருக்கான்னு சொல்லு. இவனை இப்பவே கூட்டிட்டுப் போ."

எனக்குத் தெரியும் அப்பா எங்கே என்று. அம்மாவுக்கும் தெரியும். சுமைக்காரரின் மனைவிக்கும் தெரியும், மலைக்காரம்மா வந்து சொன்னபோது அவரும் பம்படியில்தான் நின்றார். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை போதும், அவர் புருஷன் வெளியே வந்திருப்பார். 

அம்மா என் கையை வலிக்கிற மாதிரி பிடித்திருந்தாள். அப்பாவைக் காட்டிக் கொடுக்கவும் முடியாது, இவரை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அவளிடம் இருந்தது இன்னும் ஒன்றே ஒன்றுதான். தோட்டத்தில் யாருமே உச்சரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தது. அதை எடுத்தாள். சுமைக்காரரின் சாதிப் பேரைச் சொன்னாள்.

"அவரு எங்க ஆளு இல்லீங்க. காலனிங்க. எங்க வூட்டு வாசப்படி ஏற மாட்டாங்க. நாங்க அவங்க வூட்ல தண்ணி குடிக்க மாட்டோம். யார வேணா கேளுங்க. எங்க கொடிய அவரு எதுக்குங்க கட்டப் போறாரு?"

மண்டபமே கேட்டது. பந்திப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் சாதி. அவர்களும் கேட்டார்கள், அவரும் கேட்டார்.

அதிகாரி உடனே நம்பவில்லை. சுமைக்காரரின் மனைவி பக்கம் திரும்பி, இந்த அம்மா சொல்வது நிஜமா, இவர்கள் வீட்டுக்குள் நீ போக மாட்டாயா என்று கேட்டார். அந்தம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"ஆமாங்க. போவ மாட்டேங்க" என்றார்.

பார்க்கலாம் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது மூவரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். வெட்டிக் கிடந்த புளியமரங்களை ஏறித் தாண்டும்போது பாயம்மா சுமைக்காரரின் மனைவிக்குக் கை கொடுத்தார், அவர் அம்மாவுக்குக் கை கொடுத்தார். 

சில நாள் கழித்து அவரை விட்டார்கள். அம்மா சொன்னதுதான் காரணமா, கூட்டம் தாங்காமல் பாதிப் பேரைத் திறந்துவிட்டார்களா, தெரியாது. அவருக்கு வலது தோள் மேலே எழவில்லை. மூட்டை தூக்குகிறவருக்குத் தோள் போனால் என்ன மிச்சம்? மார்க்கெட்டில் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

காலனியில் அவரை வறுத்தெடுத்தார்கள். நம் குடிசையைக் கொளுத்துகிறவன் கொடியை நீ போய் மரம் ஏறிக் கட்டினாயா என்று அவர் தம்பியே பேசுவதை விட்டுவிட்டான். மலையிலிருந்து இறங்கி வந்த சித்தப்பா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, நம் கொடியை அவனையா தொட வைத்தீர்கள் என்பதுதான். அப்பா அங்கேதான் இருந்தார். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே காரியம், ஒரு துணியைக் கிளையில் கட்டியது, இரண்டு பக்கமும் அவருக்குக் குற்றமானது. மரத்தின் பேரை ஒருத்தரும் எடுக்கவில்லை.

பாயை அவர் தெருப் பெரியவர்கள் கூப்பிட்டு, அவர்கள் சண்டையில் நமக்கு என்ன வேலை, கொடி தைக்கிற அளவுக்கு என்ன வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். பாய் இரண்டு தெருவுக்கும் ஆணி விற்க வேண்டியவர். ஒரு நாள் வந்து பம்பின் பிடியைக் கழற்றிக்கொண்டு போனார். ரிப்பேர் என்றார். யாரும் எப்போது வரும் என்று கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பறிப்புக்கு எங்கள் வீடும் பாயம்மாவும் மட்டும் போனோம். அதற்கடுத்த வெள்ளி நாங்களும் போகவில்லை. கீரை பூத்துவிட்டது. கத்தரிக்காய் செடியிலேயே பழுத்து மஞ்சளாகித் தொங்கியது. அதைப் பறிக்க உரிமை இருந்தவர்கள் வரவில்லை, விதைத்தவருக்குப் பறிக்க உரிமை இல்லை. கொடியை யாரும் அவிழ்க்கவும் இல்லை, வெயிலிலும் மழையிலும் கிழிந்து நூலாகப் போனது.

அம்மா அதற்கப்புறம் சரியாகத் தூங்கவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்து நிற்பாள். நான் வேற என்ன சொல்லியிருக்க முடியும் என்று அப்பாவைக் கேட்பாள், என்னைக் கேட்பாள், பாயம்மாவைக் கேட்பாள். நீங்கள் சொன்னதால்தான் அவர் உயிரோடு வந்தார் என்று எல்லாரும் சமாதானம் சொன்னோம். அவளுக்கு எங்கள் சமாதானம் வேண்டியிருக்கவில்லை. கேட்க வேண்டிய ஆளைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் பார்த்துவிட்டாள். சுமைக்காரரின் மனைவி தோட்டத்தில் காய்ந்த அவரைப் பந்தலைப் பிரித்து விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகப் போகிறார்கள் என்று ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. அம்மா கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள், நான் பின்னாலேயே போனேன்.

அவரக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன் என்று அம்மா ஆரம்பித்தாள். அழுதாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அம்மா தானாகப் போய் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வா, உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போ என்று கெஞ்சினாள். அந்தம்மாவுக்குக் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். இருட்டுவதற்குள் போக வேண்டும் என்றார், விறகைக் கட்டி முடித்தார். கட்டைத் தலையில் ஏற்ற இன்னொரு கை வேண்டியிருந்தது. அம்மா ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள். தலையில் சரியாக உட்கார வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் பேசினார்.

"நீங்க சொன்னதுல ஒண்ணும் பொய் இல்லீங்க. பொய்யா இருந்திருந்தா அங்கயே உங்களோட சண்ட போட்டிருப்பேன்."